ஆர்.வி.யின் தண்ணீர் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புவதா, போன இடத்தில் நிரப்பிக்கொள்வதா?

அரிசோனாவில் ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 சாலையில், பிளாக் கேன்யன் சிட்டி தாண்டி ஏற்றம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், பக்கத்து லேனில் வந்த பிக்கப்காரர் ஹாரன் அடித்து எங்கள் ஆர்.வி.யின் (சமையல், படுக்கை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) அடிப்பக்கத்தைக் கை காட்டினார். டயர் போச்சு என்றுதான் நினைத்தேன். ஓரமாக இடம் பார்த்து நிறுத்தி இறங்கினால், பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கிய ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தது. ஓவர்ஃப்ளோ குழாய். காலையில் நான் விளிம்பு வரை நிரப்பிய 40 கேலன் டேங்க். வண்டி மூக்கைத் தூக்கி ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து அந்தக் குழாய்க்குள் புகுந்திருக்கிறது, ஒரு தடவை ஓட ஆரம்பித்ததும் தானாகவே இழுத்துக்கொண்டுவிட்டது. மண்ணெண்ணெய் டின்னில் டியூபைப் போட்டு வாயால் உறிஞ்சி விடுவார்களே, அதே கதைதான், உறிஞ்ச ஆள் மட்டும் தேவைப்படவில்லை.

அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "காசு கொடுத்துப் பெட்ரோல் போட்டு, தண்ணிய மலைமேல தூக்கிட்டு வந்து ரோட்டுல ஊத்தறியேடா" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த கேள்விதான் இது. டல்லஸில் இருக்கும் என் தங்கை கணவர் சொந்தமாக, பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர் வைத்திருக்கிறார், அவருடைய கொள்கை: எங்கே போனாலும் ஃபுல் டேங்க், அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நேர் எதிர். ஒரு சொட்டுத் தண்ணீரோடு ஹைவேயில் ஏறமாட்டார், போகிற இடத்தில் குழாய் இருக்கும்போது எதற்குச் சுமக்க வேண்டும் என்பார். இரண்டு பேருமே பத்து வருஷமாக நன்றாகத்தான் போய் வருகிறார்கள். நான் சொந்தமாக வண்டி வாங்கவில்லை, மூன்று தடவை வாடகைக்கு எடுத்து அரிசோனா, யூட்டா பக்கம் குடும்பத்தோடு சுற்றியிருக்கிறேன். மூன்று தடவையும் தண்ணீர் விஷயத்தில் மூன்று விதமாகத் தப்புப் பண்ணியிருக்கிறேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் எடை, ஏனென்றால் இரண்டு கட்சிக்காரர்களும் அங்கேதான் சண்டை போடுகிறார்கள். ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 கேலன் என்றால் 334 பவுண்டு, அதாவது 151 கிலோ. இந்தக் கணக்கு மனதில் ஏறாவிட்டால் நம்ம ஊர் 20 லிட்டர் தண்ணி கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழரை கேன் வண்டியின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. கேம்பர் வேன் என்றால் டேங்க் 20, 30 கேலன்தான் இருக்கும், பிக்கப்பின் முதுகில் மாட்டி இழுக்கும் பெரிய ஃபிஃப்த் வீல் டிரெய்லர்களில் 60லிருந்து 100 வரை போகும். 100 கேலன் என்பது 834 பவுண்டு, அது ஒரு கறவை மாடு.

இந்த எடை தாங்குமா என்று ஊகிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவில் விற்கும் மோட்டார் ஹோம்களில், அதாவது தானே ஓடும் ஆர்.வி.களில், ஏறும் கதவுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று. அதே ஸ்டிக்கரில் கீழே, டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தால் இவ்வளவு பவுண்டு, அதுவும் சாமான் கணக்கில்தான் சேரும் என்று தனியாக எச்சரிக்கையும் இருக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் முதல் தடவை படிக்கவில்லை. இரண்டாவது தடவை படித்தேன்: 1,640 பவுண்டு. நாங்கள் ஆறு பேர், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. ஆள் எடை மட்டும் கிட்டத்தட்ட 780. துணிமணி, நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள், அம்மா கட்டிக்கொண்டு வந்த மளிகை எல்லாம் சேர்த்து ஒரு 300. தண்ணீர் 334, போதாக்குறைக்கு வாட்டர் ஹீட்டருக்குள் இருக்கும் 6 கேலன் ஒரு 50. கூட்டினால் 1,464. மிச்சம் 176 பவுண்டுதான். அதாவது எங்களுக்கு ஃபுல் டேங்க் சரிதான், ஆனால் கூட ஒரு சித்தப்பா வந்திருந்தால் சரியில்லை.

பெட்ரோல் செலவு பற்றி நிறைய பேர் கவலைப்படுகிறார்கள், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதின்மூவாயிரம் பவுண்டு வண்டியில் 334 என்பது இரண்டரை சதவீதம். சமதளத்தில் காற்றைக் கிழிப்பதுதான் பெரிய செலவு, தண்ணீர் இல்லை. கேலனுக்கு எட்டு, ஒன்பது மைல் கொடுக்கிற வண்டியில் ஏறிவிட்டுத் தண்ணீரில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது கல்யாணத்தில் வெற்றிலையைக் குறைத்த கணக்கு. எடை உறைப்பது ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான். ஃபீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் கிட்டத்தட்ட 7,000 அடி. அந்த ஏற்றத்தில் என்ஜின் கத்துவதையும், திரும்பி வரும்போது பிரேக் சூடாகி வாசனை வருவதையும் கேட்டவர்களுக்கு, முந்நூறு பவுண்டு குறைந்தால் நல்லது என்று தானாகவே தோன்றும்.

சரி, அப்படியென்றால் காலியாகவே போய்விடலாமே? போகலாம், ஒரு நிபந்தனையோடு: போய்ச் சேரும் இடத்தில் உங்கள் சைட்டிலேயே, அதாவது வண்டி நிறுத்தத் தரும் இடத்திலேயே, குழாய் இருக்கவேண்டும், அந்தக் குழாயில் தண்ணீர் வரவும் வேண்டும். இரண்டாவது பாதியைத்தான் நாம் யாரும் யோசிப்பதில்லை.

யூட்டாவின் தெற்கில் ஒரு சின்ன கேம்ப்கிரவுண்ட், பெயர் வேண்டாம். குடிநீர் உண்டு என்று போட்டிருந்தார்கள், ஹூக்கப் (சைட்டிலேயே வண்டியோடு மாட்டிக்கொள்ளும் இணைப்பு) இல்லாவிட்டாலும் நுழைவாசலில் நிரப்பிக்கொள்ளலாம் என்று. போன தடவை ரோட்டில் ஊற்றிய கோபத்தில், இந்த முறை டேங்கில் எதுவும் வைக்காமல் கிளம்பியிருந்தேன். போய்ச் சேர்ந்தது மாலை ஆறரை. குழாயின் தலையில் கறுப்புக் குப்பைப் பையை மாட்டி டேப் சுற்றியிருந்தது, பம்ப் ரிப்பேராம். எங்களிடம் இருந்தது ஒன்றரை அட்டை பாட்டில் தண்ணீர், அரை லிட்டர் பாட்டில்கள். ஆறு பேர். அன்று இரவு அம்மா பாட்டில் பாட்டிலாகத் திறந்து ஒரு டம்ளர் அரிசியைக் கழுவிய காட்சியை என் மகள் இன்னும் நடித்துக் காட்டுகிறாள். அரிசி கழுவிய தண்ணீரை அம்மா கொட்டவில்லை, ஒரு பாத்திரத்தில் ஊற்றி டாய்லெட் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். 1980களில் சென்னையில் தெருக் குழாயடியில் நின்ற கை அது, அதற்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பக்கத்து சைட்டில் இருந்த வயதான தம்பதி விஷயம் தெரிந்ததும் ஒரு 7 கேலன் நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பணம் வாங்க மறுத்துவிட்டார் அந்த மனிதர். ஆனால் கேனை மட்டும் காலையில் ஏழு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

இது ஏதோ மூலையில் இருக்கிற சின்ன இடத்துக்கு மட்டும் நடப்பது என்று நினைக்கவேண்டாம். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பான சவுத் ரிம்முக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பள்ளத்தாக்கின் வடக்குப் பக்கச் சரிவில் இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, 12.5 மைல் நீளக் குழாயில், பள்ளத்தாக்கைக் கடந்து இந்தப் பக்கம் ஏறி வருகிறது. 1960களில் போட்ட குழாய். 2010க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் நான்கு இடங்களில் உடைந்து, லேபர் டே விடுமுறை நேரத்தில் சவுத் ரிம்மின் ஓட்டல்களில் இரவு தங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கேம்ப்கிரவுண்டில் தங்கலாம், ஆனால் குழாய்கள் மூடப்பட்டிருக்கும், தண்ணீரை நீங்களே கொண்டு வாருங்கள் என்றார்கள். வருடத்துக்கு ஐம்பது லட்சம் பேர் அளவுக்கு வரும் இடம் இது. புதுக் குழாய் போடும் வேலை 2023இல் ஆரம்பித்தது, 208 மில்லியன் டாலர் திட்டம். எதிர்ப்பக்கம் நார்த் ரிம்மில் 2025 ஜூலைக் காட்டுத்தீயில் லாட்ஜோடு சேர்த்துத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் எரிந்துபோனது.

ஆகவே காலி டேங்க் கட்சிக்கு நான் சொல்வது: கிளம்பும் வாரத்தில் அந்த இடத்துக்கு ஒரு போன் போடுங்கள், அல்லது அவர்களுடைய அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். ஆறு மாதம் முன்னால் புக் பண்ணியபோது படித்த வரியை நம்பிப் போகாதீர்கள்.

ஃபுல் டேங்க் கட்சியிடம் எனக்குச் சண்டை வேறு. நிரப்புங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் எதற்கு வீட்டு வாசலில் நிரப்புகிறீர்கள்? என்னுடைய முதல் பயணத்தின் முட்டாள்தனமே அதுதான், ஆறாயிரம் அடி ஏற்றம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், ஏற்றம் முடிந்த இடத்திலேயே ஒரு நகரம் இருக்கிறது என்று தெரிந்தும். ஃபிளாக்ஸ்டாஃபில் நிரப்பியிருந்தால் அங்கிருந்து சவுத் ரிம் சுமார் 80 மைல்தான். அதே மாதிரி யூட்டாவின் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஐலண்ட் இன் தி ஸ்கை பக்கம் இருக்கும் வில்லோ ஃப்ளாட் கேம்ப்கிரவுண்டில் தண்ணீரே கிடையாது. மோவாப் ஊரில் நிரப்பிக்கொண்டு முப்பது மைல் சொச்சம் போனால் போதும், ஃபீனிக்ஸிலிருந்தோ சால்ட் லேக் சிட்டியிலிருந்தோ சுமந்து வர வேண்டியதில்லை. கடைசியாக நிச்சயமாகத் தண்ணீர் கிடைக்கும் ஊர் எது என்று மேப்பில் பார்த்து, அங்கே நிரப்புவது. ஃபுல் டேங்கா காலி டேங்கா என்ற சண்டையில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆர்.வி. பார்க்குகள், சில பெட்ரோல் பங்குகள், டிரக் ஸ்டாப்கள், டம்ப் ஸ்டேஷன் (வண்டியின் கழிவுத் தண்ணீரைத் திறந்துவிடும் இடம்) இருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக நல்ல தண்ணீர் பிடிக்கலாம், சிலசமயம் சும்மா, சிலசமயம் சில டாலர். ஒன்று மட்டும் ஜாக்கிரதை, டம்ப் ஸ்டேஷனில் இரண்டு குழாய் இருக்கும். கழிவு ஹோஸைக் கழுவுவதற்கான குழாயில் குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கும், அதன் முனையைப் பலபேர் எங்கெங்கேயோ நுழைத்திருப்பார்கள். அதில் போய் நிரப்பிவிடாதீர்கள்.

நிரப்பும்போது முழுக்க முட்ட நிரப்பாமல் ஓரிரு கேலன் குறைத்து நிறுத்தினால் நான் பார்த்த அந்தப் பென்சில் அருவி வராது, அல்லது குறைவாக வரும்.

அடுத்தது கால் டேங்க். இது யாருக்கும் பிடிக்காத நடுவழி, எனக்குப் பிடித்தது. சைட்டிலேயே குழாய் இருக்கும் இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், உதாரணமாக சவுத் ரிம்மின் ட்ரெய்லர் வில்லேஜ் மாதிரி முழு ஹூக்கப் உள்ள இடத்துக்கு, 10 கேலன் போதும். 83 பவுண்டுதான். வழியில் பிள்ளைகளுக்கு டாய்லெட், கை கழுவ, மதியம் ஓரிடத்தில் நிறுத்தித் தயிர் சாதம் சாப்பிட்ட தட்டை அலச, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க. போன இடத்தில் குழாய்க்குப் பை மாட்டியிருந்தால் ஒரு ராத்திரியை ஓட்டிவிடலாம்.

பாதி டேங்கோடு ஓட்டினால் தண்ணீர் உள்ளே அலைபாயுமே, வண்டி ஆடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிறைந்த டேங்கில் தண்ணீருக்கு நகர இடமில்லை, காலி டேங்கில் தண்ணீரே இல்லை, பாதியில்தான் வளைவுக்கு வளைவு பக்கம் மாறும். சென்னையில் தண்ணி லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆர்.வி. டேங்குகள் பலவற்றில் உள்ளே தடுப்புப் பலகை கிடையாது. ஆனாலும் 10 கேலன், பதின்மூவாயிரம் பவுண்டு வண்டியில், என் கைக்கு ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. பிரேக் போட்டால் பின்னால் ஒரு குளுக் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். சின்ன டிரெய்லரில் பெரிய டேங்க் பாதி இருந்தால் அது வேறு விஷயம்.

10 கேலன் என்று எப்படி அளப்பது? சுவரில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள். காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஃபுல் என்று நான்கு விளக்குதான், அதுவும் வண்டி சரிந்து நின்றால் பொய் சொல்லும். நான் செய்வது, ஒரு கேலன் பால் கேனை ஹோஸுக்கு அடியில் பிடித்து எத்தனை வினாடியில் நிறைகிறது என்று போனில் பார்ப்பது. 20 வினாடி என்றால், பிறகு டேங்க் வாயில் ஹோஸை வைத்து 200 வினாடி எண்ண வேண்டியதுதான். பையனுக்கு இந்த வேலை பிடிக்கும். அவசரத்தில் ஹோஸை சிட்டி வாட்டர் என்று எழுதியிருக்கும் வாயில் மாட்டிவிட்டு டேங்க் நிறையும் என்று காத்திருக்காதீர்கள். அது நேராக வண்டிக்குள் இருக்கும் குழாய்களுக்குப் போகும் வழி, டேங்குக்கு வாய் தனி. சொல்லுங்கள், இதை நான் எப்படிக் கண்டுபிடித்திருப்பேன்?

இனி யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. தண்ணீரைச் செலவழித்தால் எடை குறையும் என்று நினைக்கிறோம் இல்லையா, குறையாது. ஷவரிலும் சிங்க்கிலும் போன தண்ணீர் கிரே டேங்குக்குப் போகிறது, டாய்லெட்டில் போனது பிளாக் டேங்குக்குப் போகிறது. டம்ப் ஸ்டேஷனுக்குப் போய்த் திறந்துவிடும் வரைக்கும் அந்த 334 பவுண்டும் வண்டியோடுதான், குடித்து வியர்வையாகப் போனதைத் தவிர. இடம்தான் மாறுகிறது, அதுவும் பல வண்டிகளில் கிரே டேங்க் பின்பக்கம் இருக்கும். தேசியப் பூங்காக்களில் கிரே தண்ணீரைத் தரையில் விட்டால் அபராதம், பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் கிரே டேங்க் 30 கேலன்தான் என்றால், 40 கேலன் நல்ல தண்ணீர் எடுத்துப் போய் என்ன பிரயோஜனம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மூன்றாவது பயணத்தில் தண்ணீர் தீரவில்லை, கிரே டேங்க்தான் நிறைந்தது. ஷவர் அடியில் கணுக்கால் அளவுக்கு ரசம் வாசனையோடு தண்ணீர் திரும்பி வந்தபோதுதான் புரிந்தது.

நம் வீட்டுச் சமையல் இதில் தனி அத்தியாயம். அமெரிக்கக் குடும்பம் பர்கர் சுட்டு காகிதத் தட்டில் சாப்பிட்டு முடித்துவிடும். நமக்கு அரிசி கழுவ, பருப்பு கழுவ, குக்கர், தாளித்த கரண்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு வாணலி. மற்றவர்கள் எழுதும் கணக்கில் நான்கு பேர் 40 கேலனில் மூன்று, நான்கு நாள் ஓட்டுகிறார்கள். எங்கள் ஆறு பேருக்கு, சிக்கனமாக இருந்தும், இரண்டு நாள். குடிக்க மட்டும் ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு கேலன் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் பாலைவனப் பூங்காக்களில், அது அதிகம் இல்லை. வாணலியைக் கழுவுவதற்கு முன்னால் பேப்பர் டவலால் துடைத்தாலே ஒரு சொம்பு மிச்சம். குளிப்பதென்றால் நனைத்துவிட்டு நிறுத்தி, சோப்புப் போட்டு, மறுபடி திறப்பது. மூன்று கேலனில் முடிக்கலாம், பதின்வயதுப் பெண் இல்லாத வீட்டில். டாய்லெட்டில் தண்ணீர் உபயோகிக்கும் நம் பழக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் சங்கடப்பட வேண்டாம். பிளாக் டேங்குக்குத் தண்ணீர் போதவில்லை என்றால்தான் அடைத்துக்கொள்ளும். அப்பா ஒரு சொம்போடு வந்தார், அந்த ஒரு இடத்தில் எங்கள் வண்டி மிக ஆரோக்கியமாக இருந்தது.

கேன்களில் எடுத்துப் போவது இன்னொரு வழி. 5 கேலன் கேன் 42 பவுண்டு, 7 கேலன் 58 பவுண்டு. டேங்க் வாய் பெரும்பாலும் இடுப்புக்கு மேல், சிலவற்றில் மார்பு உயரத்தில் இருக்கும். 58 பவுண்டைத் தூக்கி அந்த உயரத்தில் சாய்த்துப் பிடிக்கும் வயதெல்லாம் எனக்குப் போய்விட்டது, பேட்டரியில் ஓடும் சின்னக் குழாய்ப் பம்ப் ஒன்று வாங்கினேன், அது பரவாயில்லை. கேனின் பெரிய வசதி வேறு: நிலைப்படுத்தி நிறுத்திய வண்டியை நகர்த்தாமல் தண்ணீர் கொண்டுவரலாம். காரோ பிக்கப்போ கூட இருந்தால் இதுதான் சிறந்தது. வாடகை மோட்டார் ஹோம் மட்டும் என்றால் முக்கியச் சப்ளையாக கேனை நம்பமாட்டேன், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு 5 கேலன் கேன் எப்போதும் தனியாக வைத்திருப்பேன்.

ஏனென்றால் வாடகை டேங்கின் உள்ளே என்ன இருந்தது, எத்தனை நாள் இருந்தது என்று நமக்குத் தெரியாது. சொந்த வண்டி என்றால் 15 கேலன் கொள்ளளவுக்குக் கால் கப் வீதம் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச் கலந்து, எல்லாக் குழாயையும் திறந்து வாசனை வரும்வரை ஓடவிட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்து, நல்ல தண்ணீரால் அலசிவிடலாம். வாடகை வண்டியை அன்றைக்குக் காலையில் வாங்கி அன்றைக்கே ஓட்டுகிறவனால் இது முடியாது. ஆகவே டேங்க் தண்ணீர் கழுவ, குளிக்க. கேன் தண்ணீர் வாய்க்கு. ஹோஸ் வெள்ளையோ நீலமோ, குடிதண்ணீருக்கு என்று போட்டிருப்பதாக இருக்கட்டும், தோட்டத்துப் பச்சை ஹோஸ் வேண்டாம், ரப்பர் வாசனை காபியில் வரும்.

ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து பேஜ் என்ற ஊருக்குப் போகும் 89ஆம் எண் சாலை நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தின் வழியாகப் போகிறது. அந்த ரோட்டில் பிக்கப் பின்னால் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் டேங்க் வைத்துக்கொண்டு போகும் வண்டிகளைப் பார்க்கலாம், அவர்கள் சுற்றுலா போகவில்லை. அங்கே கிட்டத்தட்ட 30 சதவீத வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. அவர்களுடைய தண்ணீர் உரிமை வழக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. வாரம் இரண்டு தடவை டேங்க் நிரப்பி ஓட்டி வருகிறவர்களுக்கு முன்னால் என்னுடைய ஓவர்ஃப்ளோ குழாய்ப் பிரச்சினையைப் பேச எனக்கே கூச்சமாக இருக்கிறது. அம்மா அந்த டேங்குகளைப் பார்த்துவிட்டு, மூடி போட்டிருக்காளா என்று மட்டும் கேட்டார்.

குளிர்காலம் வந்தால் கணக்கு மாறும். சவுத் ரிம் 7,000 அடி, அக்டோபரிலேயே ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும். சைட்டில் குழாய் இருந்தாலும் ஹோஸை மாட்டியே வைத்தால் விடிவதற்குள் அது ஒரு நீளமான ஐஸ் குச்சி. அப்போது சாயங்காலமே டேங்கில் நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி வடித்துச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, ராத்திரி வண்டியின் பம்ப்பை வைத்து டேங்க் தண்ணீரில் சமாளிப்பதுதான் வழி. காலி டேங்க் நண்பர் இதை ஒரு மார்ச் மாதத்தில் கற்றுக்கொண்டார். ஓட்டும்போது பம்ப் சுவிட்ச் ஆஃப் இருக்கட்டும், இது எந்தக் கட்சிக்கும் பொது. குலுக்கலில் ஒரு குழாய் கொஞ்சம் திறந்துகொண்டால் நாற்பது மைலுக்கு அப்புறம்தான் தெரியும்.

டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் போதாது, அங்கே எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் சேர்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10லிருந்து 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல், அதாவது இழுக்கும் வண்டியோடு மாட்டும் கொக்கியின் மேல், உட்கார வேண்டும் என்பது பொது விதி. அதற்குக் கீழே போனால் வால் ஆட ஆரம்பிக்கும். டேங்க் சக்கர அச்சுக்கு முன்னால் இருந்தால் தண்ணீர் ஹிட்ச்சை அழுத்தும், பின்னால் இருந்தால் தூக்கும். சில டிரெய்லர்களில் டேங்கை அடியில் தாங்கிப் பிடிப்பது இரண்டு தகரப் பட்டைதான் என்பதையும் குனிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

டல்லஸ் மாப்பிள்ளையின் டிரெய்லரில் டேங்க் பின்னால். அவர் எப்போதும் ஃபுல். மேற்கு டெக்சாஸில் ஐ-20இல் பெரிய டிரக் முந்தும்போதெல்லாம் வண்டி ஆடுகிறது, காற்று அப்படி என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். போன கோடையில் நான் போயிருந்தபோது ஹிட்ச் தராசு ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, டிரக் ஸ்டாப் எடைமேடைக்கும் போய் வந்தோம். ஃபுல் டேங்கோடு டிரெய்லர் மொத்தம் 6,300 பவுண்டு, ஹிட்ச்சில் 560. ஒன்பது சதவீதம்கூட இல்லை. அப்புறம் வீட்டு வாசலில் வடிகுழாயைத் திறந்தோம். 40 கேலன் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவர் புல்வெளியில் அது பரவுவதைப் பார்த்தபடியே நின்றார். மறுபடி வைத்தால் ஹிட்ச்சில் 643. மொத்த எடை குறைந்திருக்கிறது, ஹிட்ச் எடை 83 பவுண்டு கூடியிருக்கிறது. கிட்டத்தட்ட பதினொரு சதவீதம்.

ஒரு வாரம் கழித்து போன் பண்ணினேன். "என்ன மாப்பிள்ளை, இப்ப காலியாத்தானே போறீங்க?"

"அதெப்படி மச்சான், தண்ணி இல்லாம கிளம்பறது? ஜெனரேட்டரையும் டூல் பாக்ஸையும் முன்பக்கம் மாத்தி வெச்சிட்டேன். டேங்க் ஃபுல்தான்."